அலையாத்திக் காட்டில் படித்த பாடம்





சூரா அர்ரூமின் 21ஆம் வசனத்தை எத்தனை நிக்காஹ் மஜ்லிஸ்களில் ஓதி விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. துணையைப் படைத்து, அத்துணையிடம் மன அமைதியை அமைத்து, இருவருக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் வைத்தது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்பது அதன் கருத்து. அத்துடன் என் உரை முடிந்துவிடும். அதற்கு அடுத்த வசனம் வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதை அத்தாட்சி என்கிறது. மனைவியும் வானமும் பூமியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இருபது ஆண்டுகள் ஓதிக்கொடுத்தும் இந்த அண்மை என் கண்ணில் படவில்லை. அதைக் காட்டித்தந்தவர் முத்துப்பேட்டையில் பிறந்த என் மனைவி.

நான் திருச்சியின் ஒரு சந்தில் வளர்ந்தவன். வீடு, பள்ளிவாசல், மதரஸா, இவற்றை இணைக்கும் தெருக்கள், இவ்வளவுதான் என் உலகம். வெயில் தலைவலி தரும், சேறு ஆடையைக் கெடுக்கும் என்பதே இயற்கையைப் பற்றிய என் முழு அறிவு. (சேறு நஜீஸ் அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நானே.)

மனைவியோ தென்னந்தோப்பிலும் காயலிலும் வளர்ந்தவர். மணமான புதிதில், "ஒரு தடவை அலையாத்திக் காட்டுக்குப் போய் வருவோம் மச்சான்" என்றார். "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்றேன். மறுப்பதற்கு அந்தப் புனிதமான சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம்! என் மாமனாரும் பலமுறை அழைத்தார். மருமகனைப் படகில் ஏற்றி, தாம் அறிந்த ஒவ்வொரு வாய்க்காலையும் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பரீட்சை, பயான், கிதாப் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் 2016இல் வஃபாத்தானார். அந்த ஆசையை நான் நிறைவேற்றவில்லை.

மறு ஆண்டு ஜனவரியில் மனைவி என்னிடம் கேட்கவில்லை. படகுக்குச் சொல்லிவிட்டுத் தகவல் மட்டும் தந்தார். வனத்துறை அனுமதி பெற்று, ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாற்றின் வழியே சென்றோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து விரல்களைப்போல ஆயிரமாயிரம் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. "சேத்துக்குள்ள மூச்சு முட்டும்ல, அதனால வேரு வெளிய வந்து மூச்சு விடுது. வாப்பா சொன்னது" என்றார். பிறகு ஓர் இலையைத் தடவி, விரலை நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. உவர்நீரில் நிற்கும் அந்த மரம் தனக்கு வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்க வேண்டாமா என்று கேட்கும் சூரா அல்ஃகாஷியாவை மனனம் செய்தவன் நான். நோக்குவது என்றால் என்ன என்று அந்த உப்புச் சுவையில்தான் எனக்குப் புரிந்தது.

அஸருக்கு மரப்பலகை மேடையில் நின்றோம். கிப்லா எது என்று நான் கைப்பேசியைத் தேட, சாயும் சூரியனுக்கு வலப்புறம் என்று மனைவி கைகாட்டினார். பதின்மூன்று ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத பல செய்திகளை அன்று திரும்பும் வழியில் அவர் பேசினார். நான்கு சுவர்களுக்குள் எங்கள் பேச்சு சமையல், கட்டணம், பிள்ளைகள் என்பதைத் தாண்டியதே இல்லை.

இதனால்தான் இதை எழுதுகிறேன். நம் குடும்பங்களில் வெளியுலகம் ஆண்களின் சொத்தாகிவிட்டது. இஷாவுக்குப் பிறகு தேநீர்க் கடைப் பலகையில் இரவு பதினொரு மணிவரை காற்று வாங்குபவர் கணவர். மனைவிக்கு வெளியே என்றால் ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், மருத்துவமனை. சபராளிகளின் நிலை இன்னும் வருத்தத்திற்குரியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பும் விருந்திலும் கடைவீதியிலும் கரைந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒரு குளக்கரையில் அரைமணி நேரம் சேர்ந்து நடக்காமலே மீண்டும் விமானம் ஏறிவிடுகிறார்.

"பெண்களை வெளியே அழைத்துச் செல்வது ஃபித்னா அல்லவா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறைக்க வேண்டியதை மறைப்பதிலும் பார்வையைத் தாழ்த்துவதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறதே! முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு முறை நபியவர்கள் வென்று, முந்தையதற்கு இது ஈடு என்றார்கள். பயண இரவுகளில் அன்னையாருடன் பேசிக்கொண்டே செல்வது அவர்களின் வழக்கம் என்பது புகாரியில் உள்ள செய்தி. மழை பெய்தபோது தம் ஆடையைச் சற்று விலக்கி மேனியில் நனையவிட்டார்கள் என்கிறது முஸ்லிம் கிரந்தம். மழைத்துளி விழுந்தால் ஜன்னலைச் சாத்தும் நமக்கு இந்த ஸுன்னத் நினைவுக்கு வருவதில்லை. கூட்டம் நெரியும் ஜவுளிக்கடையில் வராத ஃபித்னா, ஃபஜ்ருக்குப் பிந்தைய ஆற்றங்கரையில் மட்டும் எப்படி வரும்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. மாமனாரின் தோப்பில் பெரும்பாலான தென்னைகள் சாய்ந்தன. அலையாத்திக் காடும் இலைகளை இழந்து, கரிந்ததுபோல் நின்றது. மனைவி கரையில் நின்று அழுதார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்திருந்தால், "மரத்துக்காகவா அழுகிறாய், ஸப்ர் செய்" என்று உபதேசித்திருப்பேன். அன்று எனக்கும் தொண்டை அடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்றபோது சேற்றில் புதிய கன்றுகள் தலைகாட்டியிருந்தன. அவற்றை முதலில் கண்டவன் நான் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

இப்போது மதரஸாவில் மாதம் ஒருமுறை பாடத்தை வெளியே, வேப்பமரத்தடியில் நடத்துகிறேன். பிள்ளைகள் எறும்பைப் பார்க்கிறார்கள், பாடத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு பெற்றோர் குறைப்பட்டார். ஸூரத்துந் நம்ல் நடத்தும் வாரத்தில் வந்து கேளுங்கள் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

வரும் விடுமுறையில் மீண்டும் காயலுக்குச் செல்கிறோம். இம்முறை என் தாயாரும் வருகிறார். எழுபத்திரண்டு வயது, படகில் ஏறியதே இல்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா" என்றவரை மருமகள் விடவில்லை. அவர் உட்கார்வதற்கு ஒரு நாற்காலியைப் படகில் வைக்க முடியுமா என்று படகோட்டியிடம் கேட்டிருக்கிறார். வைக்கலாமாம்.