வலி போயிடுச்சுன்னா சுளுக்கு ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லை

1/ ஷட்டில் ஆடும்போது கால் மடங்கி கணுக்கால் வீங்கிடுச்சு. வீட்டில் ஒருத்தர், "சுளுக்குதான், நீவிவிட்டா சரியாயிடும்"பாங்க. இன்னொருத்தர், "ஒரு மாசம் காலைக் கீழ வைக்காதே"ம்பாங்க. ரெண்டுமே தப்புங்க.

2/ சுளுக்குன்னா நரம்பு பிசகுறது இல்லை. எலும்போட எலும்பை இணைக்கிற ஜவ்வு (லிகமென்ட்) அளவுக்கு மீறி இழுபட்டு, கொஞ்சமாவோ முழுசாவோ கிழியுறது. கிழிஞ்ச இடத்தை சூடா எண்ணெய் போட்டு அழுத்தி நீவினா உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும்தான் கூடும்.

3/ முதல் கேள்வி: எலும்பு முறிஞ்சிருக்கா? "விரல் அசையுது, அப்போ முறிவு இல்லை"ங்கிறது தவறான நம்பிக்கை. 1992-ல் கனடா மருத்துவர்கள் வெளியிட்ட 'ஒட்டாவா விதிகள்'தான் எங்களுக்கு வழிகாட்டி. நொண்டியாவது நாலு அடி வைக்க முடியலையா? கணுக்கால் முண்டோட பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினா வலிக்குதா? பாதத்தின் நடுப்பகுதியில் எலும்பு வலிக்குதா? ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்க. குழந்தைகள், பாதத்தில் உணர்ச்சி குறைஞ்ச சர்க்கரை நோயாளிகள் நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

4/ முறிவு இல்லையா? முதல் 2-3 நாள் காலை உயர்த்தி வைங்க, கிரேப் பேண்டேஜ் கட்டுங்க. விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே அவிழ்த்துடுங்க. ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். 'ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல்'னு 1978-ல் சூத்திரம் கொடுத்த டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம்னு பிறகு கருத்தை மாத்திக்கிட்டார்.

5/ அப்புறம் வலி தாங்குற அளவுக்கு நடக்க ஆரம்பிங்க. அளவான சுமை விழுந்தாத்தான் ஜவ்வு பலமா ஆறும்.

6/ இதுவரைக்கும் நிறைய பேர் சரியா செய்வாங்க. கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான். ரெண்டு வாரத்தில் வலி போச்சுன்னு நேரா கோர்ட்டுக்குப் போயிடுறாங்க. ஜவ்வு வெறும் கயிறு இல்லைங்க. பாதம் எந்தக் கோணத்தில் இருக்குன்னு மூளைக்குச் சொல்ற உணர்வும் அதில் இருக்கு. அது திரும்பாம ஆடினா, அதே கால் மறுபடி மடங்கும். சிலருக்கு வருஷக்கணக்கில்.

7/ இதில் எங்க தப்பும் இருக்கு. எக்ஸ்ரேயைப் பார்த்து, "முறிவு இல்லை, போகலாம்"னு வலி மாத்திரையோட அனுப்பிடுறோம். உடற்பயிற்சி சொல்லித்தராத சிகிச்சை பாதி சிகிச்சைதான்.

8/ விளையாடப் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. சுவர் பக்கத்தில் அடிபட்ட ஒத்தைக்கால்ல 30 விநாடி நில்லுங்க. குதிகாலைத் தூக்கி இறக்குங்க. அதே கால்ல குதிங்க. மத்த கால் மாதிரியே வலியும் தள்ளாட்டமும் இல்லாம வருதா? வரலைன்னா இதையே தினமும் பயிற்சியா செய்யுங்க, முடிஞ்சா பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க.

மேட்ச் அடுத்த மாசமும் வரும். கணுக்கால் ரெண்டுதான்.