காலுக்குக் கறுப்பர், மூளைக்கு வெள்ளையரா?

1984 மார்ச் 31. சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி. இடைவேளையின்போது கென்டக்கி பல்கலைக்கழகம் 29-22 என்று முன்னால் நின்றது. எதிரே வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன். இரண்டாம் பாதியில் கென்டக்கி ஆட்டக்காரர்கள் களத்திலிருந்து 33 முறை கூடைக்குக் குறி வைத்தார்கள். விழுந்தது மூன்று. ஜார்ஜ்டவுன் 53-40 என்று வென்றது. தோற்றவர்கள் சாமானியர்கள் அல்லர். கென்டக்கியின் இரண்டு நெடிய ஆட்டக்காரர்களான சாம் போவி, மெல்வின் டர்பின் இருவரையுமே அதே ஆண்டு தொழில்முறை அணிகள் முதல் ஆறு இடங்களுக்குள் தேர்ந்தெடுத்தன. அப்பேர்ப்பட்ட அணிக்கு 20 நிமிடத்தில் கிடைத்தது 11 புள்ளிகள்.

இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனை 84-75 என்று வீழ்த்தி ஜார்ஜ்டவுன் கோப்பையைத் தூக்கியது. டிவிஷன் ஒன் எனப்படும் முதல் பிரிவில் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆனார் ஜான் தாம்சன். ஆனால் அந்தத் தடுப்பாட்டத்தை வகுத்த மூளையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அவருடைய ஆறடி பத்தங்குல உயரம், கனத்த உடல், உறுமும் குரல், தோளில் தொங்கும் வெள்ளைத் துண்டு, களத்தின் நடுவில் மலைபோல் நின்ற ஆட்டக்காரர் பேட்ரிக் யூயிங் ஆகியவற்றைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார்கள். மிரட்டியே ஜெயிக்கிறார்கள் என்றார்கள்.

இந்தப் பேச்சுக்கு அடியில் கிடப்பது ஒரு பழைய நம்பிக்கை. வெள்ளைப் பயிற்சியாளர் வென்றால் அது வியூகம், கறுப்பினப் பயிற்சியாளர் வென்றால் அது ஆள்பலம். முன்னவர் ஆட்டத்தைக் கற்பிக்கிறார், பின்னவர் நல்ல பையன்களாகப் பார்த்துப் பிடித்து வந்து உசுப்பேற்றி விடுகிறார். இது பொய். அரை உண்மைகூட இல்லாத பொய். அரங்கத்துக் கூச்சலோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. யாருக்கு வேலை, யாருக்கு மறுவாய்ப்பு என்பதுவரை இதுவே தீர்மானித்து வந்திருக்கிறது.

இதை வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டவர் அல் கம்பானிஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உயர் நிர்வாகி. கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்து 40 ஆண்டுகள் ஆனதையொட்டி 1987 ஏப்ரலில் ஏபிசி தொலைக்காட்சி அவரைப் பேச அழைத்தது. கறுப்பர்கள் ஏன் அணிகளின் மேலாளர்களாக வருவதில்லை என்று கேட்டபோது, அதற்குத் தேவையான சில தகுதிகள் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்றார். இரண்டே நாளில் அவர் பதவி போனது. அவர் சொன்ன கருத்து போகவில்லை. அதைச் சொல்லாமலே செயல்படுத்தும் நிர்வாகிகள் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"யூயிங் கையில் இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்?" என்பது தாம்சனுக்கு எதிராக வழக்கமாக வரும் வாதம். இதே வாதத்தை ஜான் வுடனிடம் நீட்டிப் பார்க்கலாம். யுசிஎல்ஏவுக்கு அவர் பத்துப் பட்டங்கள் வென்று கொடுத்தபோது, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பாராகப் புகழ்பெற்ற லூ அல்சிண்டரும், பில் வால்டனும் அவரிடம் ஆடினார்கள். வட கரோலினாவின் டீன் ஸ்மித் 1982இல் தாம்சனை 63-62 என்று தோற்கடித்துப் பட்டம் வென்றார். அவருடைய அணியில் மைக்கேல் ஜோர்டன், ஜேம்ஸ் வொர்த்தி, சாம் பெர்கின்ஸ் மூவரும் இருந்தார்கள். வுடனையும் ஸ்மித்தையும் ஆள்பிடிப்பவர்கள் என்று எவரும் ஒதுக்கவில்லை. ஆட்டத்தின் அறிஞர்கள் என்றுதான் போற்றினார்கள். போற்றியது சரிதான். நட்சத்திரம் இல்லாமல் எந்தப் பயிற்சியாளரும் பட்டம் வெல்வதில்லை. அந்த நட்சத்திரத்தையே சாக்காக வைத்துப் பயிற்சியாளரின் அறிவைக் கழித்துவிடும் கணக்கு கறுப்பருக்கு மட்டும் போடப்படுகிறது.

1972இல் தாம்சன் பொறுப்பேற்றபோது ஜார்ஜ்டவுன் அதற்கு முந்தைய பருவத்தில் 3 ஆட்டங்களில் வென்று 23இல் தோற்றிருந்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் பில் ரஸ்ஸலுக்கு மாற்று ஆட்டக்காரராக இரண்டு பருவங்கள் இருந்து, பிறகு வாஷிங்டனின் செயின்ட் ஆன்டனி உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். 1975இல் அணி தொடர்ந்து தோற்றபோது, சொந்த மைதானத்திலேயே அவரை இனவசைச் சொல்லால் திட்டி வெளியேறச் சொல்லும் துணிப் பதாகை ஒன்று தொங்கியது. அதே பருவத்தின் முடிவில் ஜார்ஜ்டவுன் 1943க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. யூயிங் அப்போது பள்ளிச் சிறுவன்.

யூயிங் வந்த பிறகு நடந்தது இன்னும் கொடுமை. ஜமைக்காவில் பிறந்து மாசசூசெட்ஸில் வளர்ந்த அந்த இளைஞன் களமிறங்கிய இடங்களில் ரசிகர்கள் அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். வாழைப்பழத் தோலை மைதானத்தில் வீசினார்கள். தாம்சன் தன் பிள்ளைகளைச் சுற்றி மதில் எழுப்பினார். புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் நிருபர்களிடம் பேசக்கூடாது. இறுதிச் சுற்று நடக்கும் நகரத்தில் தங்குவதில்லை. 1982இல் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில், அணி தங்கியது மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸியில். பத்திரிகைகள் இதற்கு 'ஹோயா பாரனாயா' என்று பெயர் வைத்தன. ஹோயா என்பது ஜார்ஜ்டவுன் அணியின் செல்லப்பெயர், பாரனாயா என்பது காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகிக்கும் மனநோய். வாழைப்பழத் தோல் விழும் மைதானத்தில் நிற்பவனின் எச்சரிக்கைக்கு நோய் என்று பெயர் சூட்டுவதற்கு ஒரு தனி மனக்கடினம் வேண்டும்.

1981 நவம்பரில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் வட கரோலினாவின் ஐந்து முதன்மை ஆட்டக்காரர்களையும் அட்டையில் போட விரும்பியது. முதலாண்டு மாணவன் ஜோர்டன் படத்தில் வரக்கூடாது என்று டீன் ஸ்மித் மறுத்துவிட்டார். நால்வரோடு அட்டை வந்தது. அதை ஆசிரியரின் அக்கறை என்று இன்றுவரை நெகிழ்ந்து சொல்கிறார்கள். ஸ்மித்தும் தாம்சனும் நெருங்கிய நண்பர்கள். 1976 ஒலிம்பிக்கில் ஸ்மித்தின் துணைப் பயிற்சியாளர் தாம்சன்தான். இருவரும் செய்தது ஒரே வேலை. ஒருவருக்கு மட்டும் அது அக்கறை.

மிரட்டலைப் பற்றியும் பேசிவிடலாம். தாம்சன் கத்துவார், ஏசுவார், நடுவரின் முகத்துக்கு நேரே போய் நிற்பார். மென்மையானவர் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாப் நைட் 1985இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கி மைதானத்துக்குள் எறிந்தார். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார், 'ஜெனரல்' என்ற பட்டப்பெயரோடு. அவருடைய கோபம் கண்டிப்பாகவும் மேதையின் இயல்பாகவும் பார்க்கப்பட்டது. கறுப்பரின் கோபத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

தாம்சனைப் பாராட்டியவர்களும் இந்தப் பொய்க்கு ஒருவகையில் துணைபோனார்கள். 1982 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பிரெட் பிரவுன் பந்தைத் தவறுதலாக எதிரணியின் வொர்த்தி கையில் கொடுத்துவிட்டார். ஆட்டம் போனது. தாம்சன் அவரை அணைத்துக்கொண்டார். அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு, தந்தையைப் போன்றவர், வழிகாட்டி என்ற பிம்பம் நிலைத்தது. அந்த அணைப்பு உண்மை. அவரிடம் நான்கு ஆண்டுகள் முழுதாக ஆடிய 78 பேரில் 76 பேர் பட்டம் பெற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் அணைத்த கையைப் பார்த்தவர்கள், எதிரணியை 33க்கு மூன்று என்று கட்டிப்போட்ட திட்டத்தைப் பார்க்கவில்லை. அன்பான தகப்பன் என்ற புகழும் சிந்தனையாளர் என்ற இடத்தை மறுக்கப் பயன்பட்டது. அவர் சிந்தித்தது களத்தோடு நிற்கவும் இல்லை. தேர்வு மதிப்பெண் குறைந்த ஏழை மாணவர்களின் உதவித்தொகையைப் பறிக்கும் 'புரபொசிஷன் 42' விதியைக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ கொண்டுவந்தபோது, 1989 ஜனவரி 14 அன்று பாஸ்டன் காலேஜுக்கு எதிரான ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் அரங்கை விட்டு வெளியேறினார். விதி தளர்த்தப்பட்டது.

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன் இந்தப் பாகுபாட்டை நேருக்கு நேராகச் சுட்டிக்காட்டினார். 1994இல் டியூக் அணியை இறுதியில் சந்திக்கும் வேளையில், தன்னை வியூகம் தெரிந்தவனாக யாரும் மதிப்பதில்லை என்று வெளிப்படையாகவே குமுறினார். 'நாற்பது நிமிட நரகம்' என்று பெயர்பெற்றது அவருடைய ஆட்டமுறை. எதிரணி பந்தை உள்ளே எறியும் கணத்திலிருந்து மைதானம் முழுவதும் நெருக்க வேண்டும். இருவர் பொறி வைக்கும்போது மூன்றாமவர் எந்தக் கோணத்தில் நிற்பார், யார் பின்னால் ஓடிக் கூடையைக் காப்பார், எந்த நிமிடத்தில் எந்த மாற்று ஆள் இறங்குவார் என்று ஒவ்வொன்றும் முன்கூட்டியே வகுக்கப்பட்டாக வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் எதிரணிக்கு எளிய கூடை. இதை 'ஓடவிட்டு ஜெயிப்பது' என்று சொல்பவர் ஆட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். ஆர்கன்சா டியூக்கை 76-72 என்று வென்றது. அதற்கு முன்பே, 1980இல் டெக்சாஸின் ஒரு ஜூனியர் கல்லூரி அணியை 37-0 என்று ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றவர், 1981இல் டல்சா பல்கலைக்கழகத்தோடு என்ஐடி எனப்படும் தேசிய அழைப்புப் போட்டியின் கோப்பை வென்றவர் அவர். இந்த மூன்று பட்டங்களையும் வென்ற ஒரே பயிற்சியாளர். 2002இல், தன்னை நடத்தும் விதத்தில் நிறம் இருக்கிறது என்று பத்திரிகையாளர்கள் முன்னால் வெடித்த சில நாட்களில் ஆர்கன்சா அவரை நீக்கியது.

டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் சேனி வேறொரு சான்று. அவருடைய மேட்ச்-அப் ஜோன் தடுப்பாட்டம் எதிராளிகளைத் திணறடித்த புதிர். இடத்தைக் காப்பதுபோல் நின்று ஆளைக் காக்கும், ஆளைக் காப்பதுபோல் நின்று இடத்தைக் காக்கும். முதல் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தபோது வயது 50. அவர் மீது குற்றங்கள் உண்டு: 1994இல் ஒரு சக பயிற்சியாளரைக் கொன்றுவிடுவதாகப் பலர் முன்னிலையில் மிரட்டினார், 2005இல் எதிரணியை முரட்டுத்தனமாகத் தாக்கவே ஓர் ஆட்டக்காரரை இறக்கினார். கண்டிக்கப்பட வேண்டியவை, கண்டிக்கப்பட்டன. நைட்டின் குற்றங்கள் அவருடைய மேதைமையை மறைக்கவில்லை என்றால், சேனியின் குற்றங்கள் மட்டும் அவருடைய தடுப்பாட்டத்தை ஏன் மறைக்க வேண்டும்?

இந்தப் பொய்யின் வேரை அறுக்க ஜான் மெக்லெண்டன் ஒருவரே போதும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1930களில் நேரடியாகப் பாடம் கற்றவர். கறுப்பர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. 1944 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, டர்ஹாம் நகரில், கதவைப் பூட்டிக்கொண்டு, அவருடைய கறுப்பினக் கல்லூரி அணி டியூக் மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணியோடு இரகசியமாக மோதியது. 88-44. பந்து கிடைத்ததும் எதிரணி தயாராகும் முன் பாய்ந்து தாக்கும் வேக ஆட்டம் அன்று எதிரணியைச் சிதறடித்தது. அந்த முறையை ஒரு பாடத்திட்டமாகவே வளர்த்தவர் மெக்லெண்டன். 1957, 1958, 1959 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரியோடு சிறு கல்லூரிகளின் சங்கமான என்ஏஐஏவின் தேசியப் பட்டம் வென்றார். வெள்ளையர் பெரும்பான்மையாகப் படித்த கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 1966 ஆயிற்று. கூடைப்பந்துப் புகழ் மண்டபம் 1979இல் அவரை ஏற்றது, ஆனால் 'பங்களிப்பாளர்' என்ற பிரிவில். பயிற்சியாளராக அங்கீகரித்தது 2016இல். அப்போது அவர் இறந்து 17 ஆண்டுகள்.

'கறுப்பருக்கு வேகம், வெள்ளையருக்கு மூளை' என்பவர்கள் போற்றும் அந்த வேகமே ஒரு கறுப்பினப் பயிற்சியாளரின் மூளையில் பாடமாக உருப்பெற்றது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இடமில்லை. 2023இல் தென் கரோலினா பெண்கள் அணி அரையிறுதியில் தோற்றபின், தன் பெண்கள் குண்டர்கள் அல்லர், குரங்குகள் அல்லர் என்று செய்தியாளர்களிடம் சொல்ல வேண்டிய நிலை பயிற்சியாளர் டான் ஸ்டேலிக்கு வந்தது. ஆண்கள் பிரிவில் தாம்சன், ரிச்சர்ட்சன், 1998இல் கென்டக்கியின் டபி ஸ்மித், 2014இல் கனெக்டிகட்டின் கெவின் ஆலி என்று 1939 முதல் 2025 வரை பட்டம் வென்ற கறுப்பினப் பயிற்சியாளர்கள் நால்வர்தான். ஆடுபவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்களாக இருக்கும் விளையாட்டு இது. துணைப் பயிற்சியாளர்களாகச் சேரும் கறுப்பின இளைஞர்களை இன்னமும் வீடு வீடாகப் போய் மாணவர்களை அழைத்துவரும் வேலைக்கே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். பிறகு தலைமைப் பதவிக்கு ஆள் தேடும்போது, இவருக்கு ஆள்பிடிக்கத் தெரியும், ஆட்டம் தெரியுமா என்று கேட்கிறார்கள். எதிரணியின் ஆட்டப் படங்களை அலசும் பொறுப்பையும், தடுப்பாட்டத்தை வகுக்கும் பொறுப்பையும் முதல் ஆண்டிலிருந்தே அவர்கள் கையில் கல்லூரிகள் ஒப்படைக்க வேண்டும்.