விரலுக்குத் தக்க வீக்கம்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்து எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பழைய மாணவரும் அதனையே எதிர்பார்ப்பர். யாம் எழுதப் புகுந்ததோ காபுரேற்றரைப் பற்றி. "தமிழ் படிப்பிக்கும் வாத்தியாருக்கு எஞ்சினில் என்ன வேலை?" என்று நகைப்போரும் உளர். அவர்கட்கு எமது விடை இதுவே: மாணவன் ஒருவன் கேட்ட வினாவுக்கு விடை கூறமாட்டாது ஒருநாள் நின்றோம். அக்கடனை இம்மலரிலே தீர்க்க விழைகின்றோம்.

பொழுதுபோக்குக் கழகத்தின் பொறுப்பு எம்மிடம் வந்திருந்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பழுதாய்க் கிடந்த புல்வெட்டும் இயந்திரமொன்றிலிருந்து 25 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கழற்றி எடுத்தான். இழுத்து முடுக்கும் கயிற்றுப் பெட்டியையும் தகர உறைகளையும் நீக்கி, சுழல்விசிறி பூட்டி, பல மாதம் உழைத்துக் கட்டிய மாதிரி விமானத்திலே பொருத்தினான். விமானம் பறந்தது. எனினும் ஏறுவதில் சற்றே சோம்பல் காட்டியது. மரமரியும் சங்கிலிவாள் ஒன்றின் காபுரேற்றர் அப்போது கைக்கு எட்டியது; அதன் வாய் பெரிது. "வாய் பெரிதானால் காற்றும் எண்ணெயும் மிகுதியாகச் செல்லும், வலுவும் மிகும், அதையே போடு" என்று யாமே கூறினோம்.

அவன் போட்டான். தரையில் எஞ்சின் முழு வேகத்தில் நன்றாகவே முழங்கியது. பறந்து இறங்கும் வேளையில், விமானம் மைதானத்தைத் தாண்டிச் செல்வதைக் கண்டு மீண்டும் எழுப்ப எண்ணி வேகத்தைச் சடுதியாகத் திறந்தான். எஞ்சின் இருமுறை இருமிற்று, நின்றது. எல்லையிலிருந்த பனைகளுக்கிடையே விமானம் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவன், "சேர், பெரிசாப் போட்டது பிழையோ?" என்று மட்டும் கேட்டான். அவன் எம்மைக் குறைகூறவில்லை. அதுவே எம்மை வருத்தியது. ஆம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் எம்மிடம் அறிவு இருக்கவில்லை. ஆசிரியர் வாக்கு என்பதற்காக அவன் நம்பினான். யாமோ அளந்து பாராமற் சொன்னோம்.

அதன்பின் கற்றவற்றைச் சுருக்கிக் கூறுவோம். காபுரேற்றர் எஞ்சினுக்குள் எண்ணெயைத் தள்ளுவதன்று. எஞ்சின் உறிஞ்சும் காற்றே எண்ணெயை இழுத்துக்கொண்டு போகின்றது. குழாயின் நடுவே ஒடுங்கிய கழுத்து ஒன்று உண்டு. இத்தாலிய அறிஞர் வெந்தூரியின் (1746–1822) பெயரால் அது வழங்கும். ஒடுங்கிய இடத்திலே காற்று விரைந்தோடும். விரைந்தோடும் இடத்தில் அமுக்கம் குறையும். குறைந்த அமுக்கம் எண்ணெயை மேலிழுக்கும். ஆகவே கழுத்தின் ஒடுக்கம் ஒரு குறையன்று. எண்ணெயை இழுக்கும் கை அதுவே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஈரடிப்பு எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை காற்றை உள்வாங்கும். 25 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றுச் சுழன்று, ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினால், நிமிடத்துக்கு 175 லீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 2.9 லீற்றர் காற்று உட்செல்லும். கழுத்தின் விட்டம் 10 மில்லிமீற்றராயின் அங்கே காற்றின் சராசரி வேகம் செக்கனுக்கு 37 மீற்றர். விட்டம் 13 மில்லிமீற்றராயின் அவ்வேகம் 22 மீற்றர் மாத்திரமே. இழுவிசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. எனவே மூன்று மில்லிமீற்றர் கூட்டியதும் இழுவிசை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகிவிடுகின்றது! உண்மையில் எஞ்சின் முழுதாக நிரம்புவதில்லை. காற்றும் சீராகவன்றி விழுங்கு விழுங்காகவே செல்லும். ஆதலின் மேற்சொன்ன வேகங்கள் சிறிது மாறலாம். விகிதம் பெரிதும் மாறாது.

சங்கிலிவாளுக்குப் பெரிய கழுத்துப் பொருந்துவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். அதன் எஞ்சின் 10,000 சுற்றுக்கு மேலும் ஓடும்; விழுங்கும் காற்றும் மிகுதி. விமானத்திலோ 16 முதல் 18 அங்குலச் சுழல்விசிறி அத்தகைய எஞ்சினை 7000 சுற்றளவிலே பிடித்துவைக்கும். அந்த எஞ்சினுக்குப் பெரிய கழுத்தைப் பூட்டினால், முழு வேகத்தில் ஊசித்திருகைத் திறந்து ஒருவாறு சமாளிக்கலாம். மந்த ஓட்டத்திலிருந்து சடுதியாகத் திறக்கும்போது காற்று முந்தும், எண்ணெய் பிந்தும். எமது மாணவனின் விமானம் விழுந்தது இவ்விடைவெளியிலேதான்.

இதனால் சிறியதே நன்று என்று யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. கழுத்து மிகச் சிறிதானால் எஞ்சின் மூச்சுத் திணறும். எண்ணெய்க் கலவை சரியாயிருந்தும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. சில புல்வெட்டும் எஞ்சின்கள் தம் வேலைக்குப் போதுமான சிறு கழுத்துடனேயே வருவன. அவற்றுக்கு ஒரு படி பெரியது நன்மை தருதலும் உண்டு. மாணவனின் எஞ்சினும் அத்தகையதாக இருந்திருக்கலாம். ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் மூன்று படி தாவச் சொன்னதே எமது பிழை.

ஆகவே தெரிவு எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவதாக, காபுரேற்றரின் வெளிவாயை அளந்து ஏமாறாது, உள்ளே மிக ஒடுங்கிய இடத்தையே அளத்தல் வேண்டும். இரண்டாவதாக, பறக்கப்போகும் அதே சுழல்விசிறியைப் பூட்டி, எஞ்சினை உறுதியான மேசையிலே இறுக்கி, மூன்று சோதனை செய்தல் வேண்டும்: உச்சச் சுற்று எவ்வளவு? 2000 சுற்றளவில் மந்தமாக ஓடவிட்டால் நில்லாது ஓடுகின்றதா? அங்கிருந்து சடுதியாகத் திறந்தால் தயங்காது எழுகின்றதா? பெரிய காபுரேற்றர் 7000 சுற்றை 7200 ஆக்கினால் இழுப்புச் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு கூடும். அதற்காக மூன்றாம் சோதனையிலே தோற்கும் ஒன்றைக் கற்றுக்குட்டியின் விமானத்திற் பூட்டுதல் தகாது என்பதே எமது துணிபு. ஏறும்போது சற்றுச் சோம்பும் எஞ்சினைப் பொறுக்கலாம். இறங்கும்போது கைவிடும் எஞ்சினைப் பொறுக்கலாகாது.

அளவைக் குற்றஞ்சொல்லுமுன் வேறு இரண்டையும் பார்த்தல் நன்று. இவ்வகைக் காபுரேற்றரில் எண்ணெயை உள்ளிழுப்பது ஒரு மென்றகடு. கிராங்குப் பெட்டியின் அமுக்கத் துடிப்பே அதனை அசைக்கும். அத்துடிப்பு வரும் சிறு துளையைக் காஸ்கற் மறைத்துவிட்டால் எண்ணெயே வராது. மற்றைய மென்றகட்டின் மூடியில் வெளிக்காற்றுக்கான துளை ஒன்று உண்டு. சுழல்விசிறியின் காற்று அதிலே நேராக மோதினால் கலவை நிலைகுலையும். துளையிலே ஒரு குழாயைப் பொருத்தி, அமைதியான காற்றுள்ள இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்வர் அனுபவமுள்ளோர். இன்னுமொன்று: 18 அங்குலச் சுழல்விசிறியின் நுனி 7000 சுற்றிலே மணிக்கு 600 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். ஊசித்திருகை எப்போதும் விசிறிக்குப் பின்னே நின்றே திருகுக.

மின்கலத்தால் ஓடும் மோட்டார்கள் மாதிரி விமானங்களிலே மலிந்துவிட்ட இந்நாளில் காபுரேற்றர் பழங்கதையன்றோ என்பர் சிலர். பறத்தல் மட்டுமே நோக்கமாயின் அவர் கூற்று மெய்யே. கல்வி நோக்கமாயின் நிலை வேறு. காற்று, அமுக்கம், வேகம், வர்க்கம் என்று வகுப்பிலே எழுதி அழிப்பனவெல்லாம் இங்கே செவிக்குக் கேட்கும், மூக்குக்கு மணக்கும், பிழைத்தால் உடனே நின்றுபோகும். இத்துணை நேர்மையான ஆசிரியர் வேறு எங்கே கிடைப்பர்?

எம்மவருக்கு இவ்வித்தை புதிதுமன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாம் சிறுவராயிருந்தோம். பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சில துளி பெற்றோலால் எஞ்சினை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயிலே ஓட்டிய மோட்டார் சைக்கிள்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் மறந்திரார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதைத் திருத்துநர்கள் கையாலும் காதாலும் கண்டறிந்திருந்தனர். அவர்களுட் பலரின் அறிவு எழுதப்படாமலே அவர்களோடு மறைகின்றது. எழுதாத அறிவு அடுத்த தலைமுறையை அடைவதில்லை. ஏடுகளைத் தேடி அச்சேற்றியவர்களைப் போற்றும் தமிழாசிரியர் இதற்கும் வருந்தவேண்டாவா?

ஆதலின் பழைய மாணவரிடம் யாம் வேண்டுவது பெரிதன்று. யூபிலி நினைவாக மண்டபமும் வளைவும் எழட்டும். அவற்றோடு ஒரு மூலையிலே உறுதியான மேசையொன்று, பழைய சிறு எஞ்சின்கள் இரண்டு, சுற்றெண்ணும் கருவியொன்று, கழுத்தளவு வேறுபட்ட மூன்று காபுரேற்றர்கள், பாதுகாப்புக்கு ஒரு கம்பிவலை ஆகியனவும் அமையட்டும். திருத்தும் தொழில் தெரிந்தவர்கள் மாதம் ஒருமுறை வந்து மாணவரோடு நிற்கட்டும். மாணவர் அளந்தவற்றையெல்லாம் தமிழிலே குறித்துவைக்கட்டும். மொழியைத் திருத்தும் பணியை யாம் ஏற்கின்றோம்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது எம் முன்னோர் வாக்கு. எஞ்சினுக்குத் தக்க காபுரேற்றர் என்பதும் அதுவே. விரலின் அளவை அறியாது வீக்கத்தை விரும்பினோம். ஒரு பிள்ளையின் பல மாத உழைப்புப் பனையடியிலே சிதறியது. தம்பி, நீ எங்கிருந்தாலும் இதனைப் படிப்பாயாக. ஆம், பெரிதாகப் போட்டது பிழை, பிழை உன்னுடையதன்று.