மடியில் விழும் குஞ்சுகள்

கடல்வளம் குறைந்துவிட்டதென்று மேடையில் முழங்குவோர் ஒருமுறையேனும் விசைப்படகில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான் ஏறினேன். சென்ற ஜூனில், தடைக்காலம் முடிந்த மறுவாரம், அக்கரைப்பேட்டையிலிருந்து தாய்மாமனுடன் கடலுக்குப் போனேன். முதல் நாள் முழுதும் வாந்தி, அதை விட்டுவிடுவோம்.

மறுநாள் விடியலில் மடியைத் தூக்கி அவிழ்த்தார்கள். தளத்தில் கொட்டியதில் இறாலும் கணவாயும் இரண்டு கூடை தேறின. மற்றதெல்லாம் சங்காயம். விரல் நீளக் காரல், கிழங்கான், நண்டுக் குஞ்சு என்று அத்தனையும் தீவன ஆலைக்குப் போவது. மாமா ஒரு வஞ்சிரக் குஞ்சை எடுத்துக் காட்டி, "இது அடுத்த வருசத்துச் சோறு, மாப்ளே" என்றார். சொன்னவர் அதையும் கூடையில்தான் போட்டார். டீசல் கடன் அப்படி. என் விடுதிக் கட்டணமும் அந்தக் கூடையிலிருந்து வருவதுதான்.

2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017 முதல் 61 நாள். நல்லதே. ஆனால் அத்தனை நாள் காத்த குஞ்சை அறுபத்திரண்டாம் நாள் அள்ளினால் காத்தது யாருக்காக? கேரளத்தில் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்திருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நம் கரையிலும் வேண்டும். படகில் மட்டுமல்ல, குஞ்சை விலைக்கு வாங்கும் ஆலை வாசலிலும் வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "சரி, பெரிய கண்ணு மடி வாங்க யாரு காசு குடுப்பா?" என்றார். பொருளியல் துறைப் பேராசிரியர்கள்தான் எனக்கு உதவ வேண்டும்.