பேருந்துத் தடமே முதலில்

புறநகருக்கு விரைவுப் பேருந்தா, இலகு ரயிலா என்ற வழக்கில் கனடாவின் ஒட்டாவா நல்ல சாட்சி. வண்டியைவிடத் தனித்தடம்தான் முக்கியம் என்பதை அது காட்டுகிறது. 1983 முதல் பேருந்துகளுக்கென்றே அங்கே தனிச்சாலை உண்டு. புறநகரில் அது நன்றாகவே ஓடியது. திணறியது நகர மையத்தில்தான். அங்கே ஆல்பர்ட், ஸ்லேட்டர் தெருக்களில் சிக்னலுக்குச் சிக்னல் பேருந்துகள் வரிசைகட்டி நின்றன. அதனால்தான் மையத்தைச் சுரங்கத்தில் கடக்கும் ரயில் 2019இல் வந்தது.

முதலிலேயே ரயில் போட்டிருக்கலாமே என்பார்கள். கூட்டம் சேராத ஆண்டுகளில் அந்தக் கடனை யார் சுமப்பது? ரயில் என்பதாலேயே நம்பகமும் வந்துவிடாது. 2021இல் அது இருமுறை தடம்புரண்டு, விவகாரம் பொது விசாரணைவரை போனது. பேருந்துக்குச் செலவிட்டது வீண் என்பதும் பொருந்தாது: சுரங்கம் தவிர்த்து, தண்டவாளத்தின் பெரும்பகுதி பழைய பேருந்துத் தடத்தின்மேல்தான் கிடக்கிறது.