பெரிய நிறுவனம் பயன்படுத்தினால் நமக்கும் பொருந்துமா?

ஜொகூர் பாருவில் ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் சேர்ந்து, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென ஒரு பயிற்சித் தளத்தைத் திறந்தமூல மென்பொருளாக உருவாக்கி வருகிறோம். அதற்கு எந்தக் 'கேஷ்' நிரலகத்தைத் தேர்வது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. கணினிக்காரர் விவகாரத்தில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேஷ் என்பது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறைக்கு ஓடி அலமாரியைத் திறவாமல், அடிக்கடி தேவைப்படும் ஏடுகளை வகுப்பு மேசையிலேயே வைத்துக்கொள்வது போன்றது. வேகம் கூடும். ஆனால், மேசைமேல் இருப்பது பழைய ஏடாக இருக்கலாம். போவோர் வருவோர் கண்ணிலும் படலாம்.

"பெரிய நிறுவனங்களெல்லாம் ரெடிஸ் பயன்படுத்துகின்றன; நாமும் அதையே போடுவோம்" என்பதே குழுவில் ஓங்கி ஒலிக்கும் குரல். இது ஒரு வாதமா? சால்வடோர் சன்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்ட ரெடிஸ் சிறந்த மென்பொருள் என்பதை மறுக்கவில்லை. ஆனால், 2024 மார்ச்சில் அதனை நடத்தும் நிறுவனம், அதுவரை இருந்த பி.எஸ்.டி. உரிமத்தைக் கைவிட்டு, திறந்தமூலம் என ஏற்கப்படாத உரிமங்களைப் புதிய பதிப்புகளுக்கு விதித்தது. சில நாள்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளை, பழைய பதிப்பிலிருந்து 'வால்கீ' என்னும் கிளையைத் தொடங்கியது. அமேசானும் கூகுளும் ஆரக்கிளும் அதன் பின்னே நின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது ஏ.ஜி.பி.எல். உரிமமும் சேர்க்கப்பட்டு, மீண்டும் திறந்தமூலம் ஆயிற்று. பதினான்கே மாதத்தில் இத்தனை புரட்டல்! நம்மைப் போன்ற சிறு பயனருக்கு இவை எதுவும் தடையில்லை என்பார்கள். உண்மைதான். ஆயினும் நம் நிரலை எடுத்துச் செல்லப்போகும் பிற பள்ளிகளின் தலையிலும் இந்தக் குழப்பத்தை ஏன் கட்ட வேண்டும்? யூனிகோடு பரவும் முன், எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்றிருந்த காலத்தில் தட்டச்சிட்ட வினாத்தாள்களை இன்று திறந்து பார்த்த ஆசிரியர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

உரிமத்தினும் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி சேவை நிறுத்தப்பட்டது. ஒருவருடைய உரையாடல் தலைப்புகள் வேறொருவர் திரையில் தெரிந்ததே காரணம். ஒன்பது மணி நேர இடைவெளியில் இயங்கிய கட்டணச் சந்தாதாரர்களுள் 1.2 விழுக்காட்டினரின் கட்டண விவரங்களும் பிறருக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பிழை ரெடிஸில் இல்லை. பைத்தான் நிரலை ரெடிஸோடு இணைக்கும் நிரலகத்தில் இருந்தது. அத்தனை பொறியாளர் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், வார இறுதியில் மட்டும் கூடும் நம் குழுவின் கதி என்ன?

நம் பயிற்சிகள் நாள்தோறும் மாறுவன அல்ல. வழங்கி ஒன்றே ஒன்று. பைத்தான் 3.2 முதலே அம்மொழியோடு வரும் 'எல்ஆர்யூ கேஷ்' இதற்குப் போதும். தனிச் சேவை வேண்டாம். தனி உரிமமும் வேண்டாம். பயிற்சியைத் திருத்தினால், தளத்தை மறுபடி தொடக்கினாலே பழையது அழிந்துவிடும். நாளை கூட்டம் பெருகினால் மெம்கேஷ்டி இருக்கிறது. 2003-இல் லைவ்ஜர்னலுக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதியது, பி.எஸ்.டி. உரிமம் உடையது, விக்கிப்பீடியாவுக்கே உழைப்பது.

எதைத் தேர்ந்தாலும், மாணவரின் பெயரும் அடைவுநிலையும் கேஷில் ஏறவே கூடாது. அவை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்தே வரட்டும். அரை நொடி தாமதத்துக்காக எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து சண்டையிடமாட்டார். தம் பிள்ளையின் அடைவுநிலை பக்கத்து வீட்டார் கைப்பேசியில் தெரிந்தால் வருவார்; வரவும் வேண்டும்!

ரெடிஸ்தான் வேண்டும் என்போர், நம் தளத்தில் எந்தப் பக்கம் எத்தனை நொடி தாமதமாகிறது என்று அளந்து, அந்த எண்ணோடு அடுத்த கூட்டத்திற்கு வரட்டும். எண் இல்லாமல் வந்தால், என் வாக்கு அவர்களுக்கு இல்லை.