மருந்துக்கு அடங்காத கிருமி: சுமப்பது பறவை, சரக்கு நம்முடையது!

காஞ்சீபுரம்:-

பல மருந்துகளுக்கும் சாகாத முரட்டுக் கிருமிகள், காட்டுப் பறவைகளின் வயிற்றில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டு இருக்கின்றன. பறவை மாத்திரை சாப்பிடுவது இல்லை. டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வதும் இல்லை. அப்படி இருக்க, இந்தக் கிருமி அதன் வயிற்றுக்குள் வந்தது எப்படி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஜெர்மனியில் சிக்கிய பருந்து

2013-ம் ஆண்டு, ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் ஒரு கரும்பருந்தைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டார்கள். நம்ம ஊர்க் கறிக்கடைகளுக்கு மேலே வட்டம் போடுகிறதே, அதே இனம்தான். அதனிடம் இருந்த 'சால்மோனெல்லா' கிருமியில் என்.டி.எம்.-1 என்ற ஜீன் இருந்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் எடுக்கும் பெரிய ஊசி மருந்துகளையே உடைத்துப் போடும் ஜீன் இது.

'என்.டி.' என்றால் நியூடெல்லி. ஆனால் ஐரோப்பாவின் கரும்பருந்துகள் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகிறவை. டெல்லிப் பக்கம் வருகிறவை அல்ல. பருந்து டெல்லிக்குப் போகவில்லை. டெல்லி பெயர் கொண்ட ஜீன்தான் பருந்தைத் தேடிப் போய் இருக்கிறது.

சென்னையில் 44

டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்து விட்டு சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-ல் இந்த ஜீன் முதன்முதலாகப் பிடிபட்டது. 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். என்.டி.எம்.-1 உள்ள கிருமிகள் சென்னையில் மட்டும் 44 கிடைத்தன.

உடனே டெல்லியில் ஒரே கொந்தளிப்பு. 'எங்கள் தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம்?' என்று மத்திய அரசு ஆட்சேபித்தது. சண்டை பெயரைப் பற்றித்தான் பெரிதாக நடந்தது. அடுத்த வருஷமே, டெல்லியில் தெருவில் தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-ஐச் சோதித்ததில் 51-ல் அந்த ஜீன் இருந்தது. குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. ஆஸ்பத்திரி வார்டில் இருந்த கிருமி தெருவுக்கு வந்து விட்டது என்று அர்த்தம். தெருத் தண்ணீரைக் காக்கையும் குடிக்கும், பருந்தும் குடிக்கும்.

பிட் பாஸ்!

இந்தக் கிருமிகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பரீட்சை ஹாலில் ஒருவன் பிட் எழுதி அடுத்த பெஞ்சுக்குப் பாஸ் பண்ணுவது போல, மருந்தைச் சமாளிக்கும் ஜீனை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்து விடும். வேறு ஜாதிக் கிருமியாக இருந்தாலும் கொடுக்கும். சாக்கடையும் பறவையின் குடலும் இதற்கு வசதியான இடங்கள். சூப்பர்வைசர் கிடையாது.

மனுஷ வாடையே இல்லாத இடத்திலும் இந்த வியாபாரம் எட்டி இருக்கிறது. வடதுருவப் பக்கம் சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்து பனிப் பிரதேசங்களில் சுவீடன் விஞ்ஞானிகள் பறவைகளைப் பிடித்துச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே உள்ள சில பறவைகளிடமும் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது.

மாட்டுவது 'குருவி'

பர்மா பஜார் சரக்குக்கு 'குருவி' என்று ஆட்கள் இருந்தது பலருக்கும் தெரியும். விமானத்தில் சரக்கைக் கொண்டு வந்து சேர்ப்பது அவர்கள் வேலை. சரக்கு அவர்களுடையது அல்ல. ஆனால் சுங்க அதிகாரிகளிடம் முதலில் மாட்டுவது அவர்கள்தான். கிருமி விஷயத்தில் நிஜக் குருவியின் கதியும் அதேதான்.

சரக்கை ஏற்றி அனுப்புவது யார்? காஞ்சீபுரத்தின் சாக்கடைத் தண்ணீர் வேகவதி ஆற்றிலும் நத்தப்பேட்டை ஏரியிலும் கலக்கிறது என்று பல வருஷங்களாகப் புகார் உண்டு. மனிதன் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மருந்தில் ஒரு பங்கு அப்படியே சிறுநீரில் வெளியேறும். அவன் வயிற்றில் பிழைத்த கிருமியும் கூடவே போகும். அந்தத் தண்ணீரில்தான் கொக்கும் நீர்க்காகமும் மீன் பிடிக்கின்றன. கோழிக் கழிவை மூட்டை கட்டி ஏரிக்கரையில் எறிந்தால் பருந்துக்கு விருந்து.

இதற்காகப் பறவையை விரட்டக் கிளம்பினால் அது வெட்டி வேலை. 2019 வரை காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த கிராமத்து ஜனங்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவையின் எச்சம் அன்றும் இருந்தது. இந்த மாத்திரைகள் அன்று இல்லை.

ரெண்டு மாத்திரை கொடுங்க!

நெசவாளிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. டாக்டர் பீசுக்குப் பயந்து நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்கிறார். கடைக்காரரும் ஒரு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து நறுக்கிக் கொடுக்கிறார். வந்தது வைரஸ் காய்ச்சல் என்றால் அந்த மருந்து வேலையே செய்யாது. ஆனால் வயிற்றில் சாதுவான கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிகளுக்கு இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கும். நெசவாளியைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை, கூலி அப்படி.

நாளைக்கு அதே வீட்டில் பிரசவமோ ஆபரேஷனோ நடந்து, ரத்தத்தில் கிருமி ஏறினால், சாதாரண ஊசி கேட்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் செத்தார்கள் என்று கணக்கு.

சட்டம் இருக்கிறது

2014 மார்ச் 1 முதல் 'எச்-1' பட்டியல் அமலில் இருக்கிறது. அதில் உள்ள ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்தரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். கோழி உள்ளிட்ட உணவுப் பிராணிகளுக்குக் 'கோலிஸ்டின்' கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை போட்டது.

பக்கத்துக் கேரளாவில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர் சோதனையை ஆரம்பித்தார்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடையைப் பற்றி ஜனங்களே தகவல் கொடுக்கவும் அங்கே வழி செய்து கொடுத்தார்கள்.